அன்னாசியும் ஒரு மூங்கில் குச்சியும்

புதுச்சேரியில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. அவருடைய குடும்பத்தில் பாதிப் பேர் பிரெஞ்சுப் பிரஜைகள். யாராவது ஒருவர் எப்போதும் கடல் கடந்து போய்க்கொண்டோ, வந்துகொண்டோ இருப்பார். அப்படி ஒரு முறை அவருடைய அத்தை மகன் ரீயூனியன் தீவிலிருந்து வந்தபோது, நண்பர் மூலமாக எனக்கு ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் வந்து சேர்ந்தது. பேனாவாக இருக்கும் என்று ஆசையோடு திறந்தேன். எழுதிப் பிழைக்கிறவனுக்கு வேறு என்ன தோன்றும்? உள்ளே இருந்தவை இரண்டு கறுத்த குச்சிகள். வற்றலாகிப் போன காராமணிக்காய் போல வாடிச் சுருங்கி, எண்ணெய் தடவினாற்போல் பளபளவென்று இருந்தன.

என் மனைவி அதை வாங்கி முகர்ந்தாள். "என்னங்க, இதில் ஐஸ்கிரீம் வாசனையல்லவா அடிக்கிறது!" என்றாள்.

"இல்லை, ஐஸ்கிரீமில்தான் இதனுடைய வாசனை அடிக்கிறது" என்றேன் நான், எல்லாம் தெரிந்தவன் போல.

அது வனிலாக் காய். குழாயைச் சுற்றி ஒரு காகிதம் கட்டியிருந்தது. அதில் அந்தத் தீவில் வீட்டுக்கு வீடு செய்யும் ஒரு இனிப்பின் பக்குவத்தை நண்பர் எழுதி அனுப்பியிருந்தார். சமையற்கட்டில் எனக்கு அதிக அதிகாரம் கிடையாது. ஆயினும் அன்று மட்டும் காகிதத்தை வாசித்துச் சொல்லும் உத்தியோகம் கிடைத்தது.

பக்குவம் மிகவும் சுலபம். அதிகம் புளிக்காத சின்ன அன்னாசிப் பழம் ஒன்று வேண்டும். அந்தத் தீவில் 'விக்டோரியா' என்ற சிறிய, நல்ல தித்திப்பான ஜாதி இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது கொல்லிமலைப் பழம். அதற்கு ஒன்றும் குறைந்ததல்ல. தோலும் கண்ணும் நடுத்தண்டும் நீக்கி விரற்கடைக் கனத்தில் வில்லைகளாக நறுக்க வேண்டும். அடி கனத்த வாணலியில் நூறு கிராம் சர்க்கரையைப் பரப்பி, தண்ணீர் விடாமல், சிறு தீயில் வைக்க வேண்டும். இங்கேதான் நம் வீட்டுப் பெண்களுக்குக் கை நடுங்கும். நமக்குத் தெரிந்த பாகெல்லாம் தண்ணீரோடு காய்ச்சிக் கம்பிப் பதத்திலோ உருண்டைப் பதத்திலோ நிறுத்துகிற பாகு. இதுவோ அவற்றையெல்லாம் கடந்து போகிற பாகு. சர்க்கரை உருகி, தேன் நிறமாகி, பிறகு தாமிர நிறமாகும் வரையில் பொறுத்திருக்க வேண்டும். அரை நிமிஷம் பிந்தினால் கசந்துவிடும். 160 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் போகும்போது சர்க்கரை உடைந்து, முன்பு அதில் இல்லாத நூறு வாசனைகளும் லேசான ஒரு கசப்பும் பிறக்கின்றன. அந்தக் கசப்புத்தான் இந்தப் பண்டத்தின் உயிர்.

நிறம் வந்ததும் ஒரு கரண்டி வெண்ணெய். பிறகு பழ வில்லைகள். வனிலாக் காயை நீளவாக்கில் கீறிச் சுரண்டிய கறுப்பு விதைகள். கூடவே அந்தத் தோலும். கடைசியில் நாலு ஜெரேனியம் இலை. ரோஜா வாசனை வீசும் மூலிகை அது. எங்கள் வீட்டுத் தொட்டியில் ஏற்காட்டிலிருந்து கொண்டுவந்த செடி ஒன்று இருந்தது நல்லதாகப் போயிற்று. வில்லைகளைத் திருப்பித் திருப்பி விட்டு, சாறு சுண்டிப் பழத்தின் மேல் பூசினாற்போல் ஒட்டும்போது இறக்கிவிடலாம். தீவில் இதன் மேல் ரம் ஊற்றிக் கொளுத்துவார்களாம். எங்கள் வீட்டில் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டோம்.

கால் மணி நேர வேலை. சாப்பிட்டதும் கால் மணி நேரத்தில் தீர்ந்தது. ஆனால் அந்தக் கால் மணி நேரத்துக்கு அடியில் எத்தனை காலமும் எத்தனை மனிதரும் இருக்கிறார்கள் என்று பிறகு புரட்டிப் பார்த்தபோது, தொண்டையில் தித்திப்பு நிற்கவில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சர்க்கரையிலிருந்து ஆரம்பிக்கலாம். அது நம்முடைய பக்கத்துச் சரக்கு. கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று அவ்வையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். சாற்றைக் காய்ச்சி மணிமணியாக உறையச் செய்யும் வித்தையை உலகுக்குக் கொடுத்தது பாரத தேசம். 'சர்க்கரா' என்ற சொல் பாரசீகத்திலும் அரபியிலும் புகுந்து, பிரெஞ்சுக்காரன் வாயில் 'சூக்ர்' ஆயிற்று. 1493-ல் கொலம்பஸ் தம் இரண்டாவது கடற்பிரயாணத்தில் கரும்புக் கரணைகளை அட்லாண்டிக்குக்கு அப்பால் கொண்டு போனார். அதே பிரயாணத்தில், குவாதலூப் என்ற தீவில், முதன்முதலாக அன்னாசிப் பழத்தைக் கண்டார். என் வாணலியில் கலந்த இரண்டும் அந்த ஒரே பிரயாணத்தில் ஒன்றை ஒன்று எதிர்கொண்டன என்று சொல்ல வேண்டும். அன்னாசியைப் பிறகு போர்ச்சுகீசியர் நம் கரைக்குக் கொண்டுவந்தார்கள். தென்னமெரிக்கப் பூர்வகுடிகள் அதற்கு இட்ட பெயரையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். அதனால்தான் ரீயூனியன்காரன் 'அனனா' என்கிறான், நாம் 'அன்னாசி' என்கிறோம்.

ரீயூனியன் தீவு மடகாஸ்கருக்குக் கிழக்கே, மோரீசுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு அந்த நாளில் புர்போன் என்று பெயர். பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் குடியேறியபோது அது மனித வாசமற்ற தீவு. முதலில் காப்பி பயிரிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் பிரான்சின் பெரிய சர்க்கரைக் காமதேனுவாக இருந்த ஹைத்தியில் அடிமைகள் எழுந்து நின்று விடுதலை பெற்றுவிட்டார்கள்; பக்கத்து மோரீசு ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. பிரெஞ்சுக்காரருக்கு இந்து மகாசமுத்திரத்தில் மிஞ்சிய இந்தத் தீவின் சரிவெல்லாம் கரும்பாயிற்று.

கரும்பை வெட்டியவர்கள் மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். அவர்களை ஆள்வதற்கு 1723-ல் ஒரு சட்டம் எழுதினார்கள். ஓர் அடிமை தப்பி ஓடி ஒரு மாதம் அகப்படாமல் இருந்தால், முதல் தடவைக்குக் காதை அறுத்துத் தோளில் சூடு. இரண்டாம் தடவைக்குப் பின்னங்கால் நரம்பை வெட்டுவது. மூன்றாம் தடவைக்கு உயிர். இதைப் படித்துவிட்டுத்தான் சர்க்கரை டப்பாவை மறுபடி பார்த்தேன்.

இனி வனிலாவுக்கு வருவோம். மெக்சிகோவில் தொத்தோனாக் என்ற ஜனங்கள் நெடுங்காலமாக வளர்த்த கொடி அது. ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்தது. 1519-ல் ஸ்பானியர் அங்கே போய் இறங்கிய பிறகு, அதன் வாசனை ஐரோப்பாவின் அரண்மனைகளை மயக்கிற்று. கொடியைக் கொண்டுபோய்க் கண்ணாடி வீடுகளில் வளர்த்தார்கள். கொடி வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. 1819-க்கும் 1822-க்கும் இடையில் புர்போன் தீவுக்கும் கொண்டுவந்து நட்டார்கள். அங்கேயும் அதே கதைதான்.

காரணம் பூவின் அமைப்பிலேயே இருக்கிறது. மகரந்தப் பைக்கும் சூலகத்தின் முடிக்கும் நடுவே மெல்லிய நாக்கு ஒன்று திரைபோல மறைத்து நிற்கிறது. மெக்சிகோவில் அந்தத் திரையை விலக்கிப் புகுகிற பூச்சிகள் உண்டு. வேறு தேசங்களில் கிடையாது. பூவோ ஒரே ஒரு காலைப்பொழுது மலர்ந்து உச்சிவேளைக்குள் வாடிவிடும். 1836-ல் பெல்ஜியத்தில் சார்ல்ஸ் மோரன் என்ற தாவர சாஸ்திரி தம் கையால் மகரந்தம் சேர்த்துக் காய்க்க வைத்துக் காட்டினார். ஆனால் அது பண்டிதர் செய்கிற வேலையாக இருந்ததே தவிர, தோட்டத்தில் ஆயிரம் பூக்களுக்குச் செய்யும் வேலையாக வரவில்லை.

1841. புர்போனில் சேந்த் சுசான் என்ற ஊர். பெரியோல் பெல்லியே போமோன் என்ற தோட்டக்கார துரையிடம் எட்மோன் என்று ஓர் அடிமைப் பையன். வயது பன்னிரண்டு. தாயார் பிரசவத்திலேயே இறந்து போனாள். பள்ளிக்கூடம் கிடையாது. துரைக்குச் செடிகொடிகளில் பைத்தியம்; பையனையும் கூடவே அழைத்துக்கொண்டு தோட்டம் சுற்றுவார். பூசணி இனத்துச் செடி ஒன்றில் ஆண் பூவையும் பெண் பூவையும் கையால் சேர்ப்பது எப்படி என்று அவனுக்கு ஒரு நாள் காட்டியிருந்தார்.

ஒரு நாள் அவரிடமிருந்த வனிலாக் கொடியில் இரண்டு காய்கள் தொங்கின. இருபது வருஷமாகக் காய்க்காத கொடி. துரை வியந்து நிற்க, "நான்தான் செய்தேன்" என்றான் பையன். அவர் நம்பவில்லை. சில நாள் கழித்து இன்னொரு காயும் தலை நீட்டியது. "எங்கே, செய்து காட்டு" என்றார். அவன் ஒரு பூவைக் கையில் பிடித்து, சின்னக் குச்சி ஒன்றால் அந்த நாக்கை மெல்ல நிமிர்த்தி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்தி ஒட்டினான். முடிந்தது. கண் இமைக்கும் நேரம்.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் இந்த இடத்தில் நான் நின்று நின்று யோசித்திருக்கிறேன். ஐரோப்பா முழுவதும் கண்ணாடி வீடுகள் கட்டிக் காத்திருந்தது. தீவில் தாவரத் தோட்டமும் அதற்கு அதிகாரிகளும் இருந்தார்கள். இருந்தும் அந்தப் பூவின் திரையை விலக்கத் தோன்றியது, தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லாத ஒரு பிள்ளைக்கு. அவனுக்கு அதனால் என்ன லாபம் என்று கேட்டால் பதில் இல்லை. பார்க்க வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் அவனிடம் சொந்தமாக இருந்த சொத்து.

துரை அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கெல்லாம் எழுதினார். எட்மோனை வண்டியில் ஏற்றித் தோட்டம் தோட்டமாக அனுப்பினார்கள். மற்ற அடிமைகளுக்கு அவன் அந்த வித்தையைக் கற்றுக் கொடுத்தான். தீவில் அதற்கு 'வனிலாக் கல்யாணம்' என்று அழகான பெயர் வந்தது. விடியற்காலையில் எழுந்து பூப்பூவாகக் கல்யாணம் செய்து வைக்கும் பெண்களுக்கும் அப்படியே ஒரு பெயர். கை தேர்ந்தவள் ஒரு காலைக்குள் ஆயிரம் பூக்களை முடித்துவிடுவாள். பிறகு எட்டொன்பது மாதம் காய் முற்ற வேண்டும். வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி வேர்க்கவைத்து, வெயிலில் உலர்த்தி, பெட்டியில் மாதக்கணக்கில் அடைத்து வைத்தால்தான் அந்த வாசனை. ஐந்தாறு கிலோப் பச்சைக்காய் ஒரு கிலோவாகச் சுருங்கும். 1848-ல் தீவிலிருந்து ஏற்றுமதியான வனிலா சுமார் ஐம்பது கிலோ. 1898-ல் சுமார் 200 டன். மெக்சிகோவே பின்னால் போய்விட்டது.

1848 டிசம்பர் 20-ஆம் தேதி, பிரான்சிலிருந்து வந்த சர்தா கரிகா என்ற அதிகாரி தீவில் அடிமைத்தனம் ஒழிந்தது என்று அறிவித்தார். சுமார் 60,000 பேர் விடுதலை பெற்றார்கள். அடுத்த ஆண்டே பிரெஞ்சு அரசாங்கம் நஷ்டஈடும் கொடுத்தது. அடிமைகளுக்கல்ல, அவர்களை இழந்த எஜமானர்களுக்கு! விடுதலையானவர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லையென்பதால், உட்கார்ந்து பெயர் எழுதினார்கள். எட்மோனுக்குக் கிடைத்தது 'அல்பியுஸ்'. லத்தீனில் வெண்மையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. வெளுத்த அந்தப் பூவை நினைத்து வைத்தார்களா, கறுத்த பையனைப் பார்த்து எழுதியவன் சிரித்தானா, யார் கண்டது?

பெயர் வந்தது, பிழைக்க வழி வரவில்லை. பட்டணத்துக்குப் போய் ஒரு வீட்டில் வேலைக்கு அமர்ந்தான். நகை திருடினான் என்ற வழக்கில் அகப்பட்டுக் கடுந்தண்டனை பெற்றான். பெல்லியே போமோன்தான் மறுபடி வந்து, இந்தத் தீவின் செல்வத்துக்குக் காரணமானவன் இவன் என்று அரசாங்கத்துக்கு எழுதி, தண்டனையைக் குறைக்க வைத்தார். இதற்கிடையே தாவரத் தோட்டத்து அதிகாரியான ரிஷார் என்பவர், அந்த வித்தையைத் தீவுக்குச் சொல்லிக் கொடுத்தவரே தாம்தான் என்றும், பையன் ஒளிந்திருந்து பார்த்திருக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டார். அப்போதும் மறுத்து எழுதியவர் பெல்லியே போமோனே. அடிமையை வைத்திருந்த மனிதர்தான்; ஆயினும் ஓர் உண்மைக்குச் சாட்சியாக நிற்கத் தவறவில்லை. மனிதர்களை ஒரே நிறத்தில் தீட்ட முடியாது என்பதற்கு அவர் ஓர் உதாரணம்.

1880-ல் எட்மோன் அல்பியுஸ் அதே சேந்த் சுசானில் ஏழையாக இறந்தார். தீவிலிருந்து டன் கணக்கில் வனிலா கப்பலேறிக்கொண்டிருந்தது. இன்று அந்த ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது. உயிரோடிருந்த நாளில் ஓர் உபகாரச் சம்பளம் இருந்திருக்கலாம்.

கதை இதோடு முடிந்தால் நமக்கு அது தூரத்துச் சங்கதி. அடிமைகள் போனபின் கரும்பு யார் வெட்டுவது? அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் நம் ஆட்கள் கப்பலேறினார்கள். விடுதலைக்கு முன்பே, 1820-களின் கடைசியில், ஏனாமிலிருந்து சிலர் போயிருந்தார்கள். 1848-க்குப் பிறகு புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கூட்டம் கூட்டமாக ஏற்றினார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். 1860-ல் பிரிட்டனும் பிரான்சும் உடன்படிக்கை செய்துகொண்டு ஆங்கிலேயச் சீமையிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். கூலிகளை நடத்தும் விதம் சகிக்க முடியாமற் போய், 1882-ல் பிரிட்டிஷ் சர்க்காரே அதை நிறுத்தியது. அதற்குள் போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் தமிழர்.

அவர்களுக்கும் பெயர் போயிற்று. கப்பலிலிருந்து இறங்கியதும் ஒவ்வொருவருக்கும் ஒரு எண். குமாஸ்தா காதில் எப்படி விழுந்ததோ அப்படிப் பிரெஞ்சு எழுத்தில் பதிந்தது பெயர். தாத்தாவின் பெயர், சிதைந்த உருவத்தில், பேரப்பிள்ளைகளின் குடும்பப் பெயராக நின்றுவிட்டது. 'மலபார்' என்று ஒரு பொதுப் பெயர் வேறு. பாஷை பெரும்பாலும் மறைந்தது. ஆனாலும் அங்கே இன்றும் தீ மிதிக்கிறார்கள். திரௌபதியை 'பாண்டியாலே' என்கிறார்கள். பாஷை மறைந்த வீட்டிலும் சமையற்கட்டு மறக்கவில்லை. கறி அங்கே 'காரி'. கறிவேப்பிலை 'கலூப்பிலே'. கொத்தமல்லி 'கொத்தோமிலி'. நாட்டையும் உறவையும் விட்டுப் போனவர்கள், ஒரு கொத்து இலையின் பெயரை மட்டும் மடியில் முடிந்துகொண்டு போயிருக்கிறார்கள்.

எங்கள் வாணலியில் போட்ட ஜெரேனியம் இலைக்கும் இப்படி ஒரு யாத்திரை உண்டு. தென்னாப்பிரிக்காவில் பிறந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாசனைத் தைலத்துக்காக ரீயூனியன் மலைகளில் ஏறி, பிற்பாடு நம் ஏற்காட்டுக்கும் நீலகிரிக்கும் வந்தது. அதில் ஒரு ஜாதிக்கே 'ரீயூனியன்' என்று பெயர். வனிலாவும் வந்தது. இந்த நூற்றாண்டின் ஆரம்பத்தில் மடகாஸ்கரில் புயலடித்து விலை ஏறியபோது, கேரள, கர்நாடகச் சரிவுகளிலும் பொள்ளாச்சிப் பக்கத்திலும் வனிலாக் கொடி ஏறாத மரம் இல்லை என்றார்கள். சில வருஷத்தில் விலை சரிந்தது. பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். ஆனால் அந்தச் சில வருஷங்கள் நம் ஊர்ப் பெண்கள் விடியற்காலையில் தோட்டத்துக்குப் போய், குச்சியால் அந்தத் திரையை நிமிர்த்திக் கட்டைவிரலால் அழுத்தினார்கள். எட்மோன் காட்டிய முறை அதுவேதான். இன்றுவரை அதைவிடச் சிறந்த ஒன்றை யாரும் கண்டுபிடித்துவிடவில்லை.

ஐஸ்கிரீமின் வாசனையைப் பற்றி என் மனைவியிடம் நான் பெருமையாகத் திருத்திச் சொன்னதும் பாதிதான் சரி. 1874-ல் இரண்டு ஜெர்மன் ரசாயனிகள் பைன் மரத்துச் சாற்றிலிருந்து அந்த வாசனைப் பொருளைத் தயாரித்துவிட்டார்கள். இன்று உலகத்தில் வனிலா என்று மணப்பதில் பெரும்பகுதி கொடியைப் பார்த்ததே இல்லை.

அன்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் தங்கை அந்த இனிப்பைச் சாப்பிட்டுவிட்டு, "அண்ணி, இதை எப்படிச் செய்தீர்கள்? எழுதிக் கொடுங்கள்" என்றாள். மனைவி ஒரு காகிதத்தில் எழுதினாள்: அன்னாசி ஒன்று, சர்க்கரை நூறு கிராம், வெண்ணெய் ஒரு கரண்டி, வனிலாக் காய் பாதி, ஜெரேனியம் இலை நாலு. என்னிடம் காட்டி, "ஏதாவது விட்டுப் போயிற்றா, பாருங்கள்" என்றாள்.

பக்குவக் குறிப்பில் மனிதர் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. கரும்பு வெட்டியவர்களின் பெயரை எழுதலாம் என்றாலோ, அவை யாருக்கும் தெரியாது. தெரிந்தவையும் குமாஸ்தாவின் எழுத்தில் உருமாறியவை. ஒரே ஒரு பெயர்தான் என்னிடம் இருந்தது. பேனாவை வாங்கி, 'வனிலாக் காய் பாதி' என்ற வரிக்குப் பக்கத்தில், 'எட்மோன், வயது 12' என்று எழுதிக் கொடுத்தேன்.

"இது யார் அண்ணா?" என்றாள் தங்கை.

உட்காரச் சொல்லி, அவளுக்கும் இந்தக் கதையைச் சொன்னேன்.